படகுத் துறையில் ஒலித்த எட்டு நிமிஷம்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
திங்கட்கிழமை

அன்பு மகள் துர்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி இனியவனும் நல்ல சுகம். அந்த டப்ளின் குளிரில் நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ம்" என்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினாலும் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதை இனியவன் போட்டோ எடுத்து அனுப்புவான், வியாழக்கிழமைக்கு முன் படித்துவிடு. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான், வந்தபாடில்லை.

வியாழக்கிழமை நீ கூட்டத்தில் பேசி உன் கம்பெனிக்காரர்கள் சம்மதித்தால்தான் நீ செய்த சக்கர நாற்காலி பிரேக் வெளியே வரும், இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றாய். போன தடவை கடைசி வரிசைக்கு உன் குரலே எட்டவில்லை என்று திருப்பி அனுப்பினார்களாமே. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. குழாயடியில் நம் குடத்தை யாராவது நகர்த்தினால் தெருக்கோடி வரை கேட்கச் சண்டை போட்டவளா நீ?

நீ பேசிப் பார்த்து அனுப்பிய எட்டு நிமிஷப் பதிவை நேற்று படகுத் துறையில் வேலையில் இருக்கும்போதுதான் கேட்டேன். லைஃப் ஜாக்கெட் அறிவிப்பைப் போடுவதற்காக என் கைப்பேசி அங்கே ஸ்பீக்கரோடு சேர்ந்திருந்தது, அது எனக்கு ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க உன் இங்கிலீஷைக் கேட்டது. ஏதோ பாதுகாப்பு அறிவிப்பு என்று நினைத்து நாலு பேர் ஜாக்கெட் வாரை இறுக்கிக்கொண்டார்கள். படகு ஓட்டும் பாவாடை அண்ணன், "இன்னா அமிர்தம், இந்தப் பொண்ணுக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சா, மூச்சே வுடாம ஓடுது" என்றார். என் மகள் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் சொன்னது நிஜம்தான். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் விழுங்கிவிடுகிறாய், பசித்தால் இட்லியை விழுங்கு. இரண்டு நிமிஷத்தில் கூட்டம் கடலை வாங்கப் போய்விட்டது. பிறகு ஓரிடத்தில் நீ நின்றாய். நீ முதலில் செய்த பிரேக் பிடிக்காமல் ஒரு பெரியவர் சரிவில் விழுந்ததைச் சொல்லி, அது என் தவறு என்றாய். குரல் தாழ்ந்து கொஞ்சம் நடுங்கியது. மெதுவாகத்தான் சொன்னாய், ஆனால் கடலை வண்டி அருகே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மா என்னிடம் வந்து, "அவருக்கு அப்புறம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் உடனே "அடுத்த ஸ்லைடு" என்று ஓடிவிட்டாயே.

அந்த இடத்தில் குரல் உடைகிறது, அதை எடுத்துவிடப் போகிறேன் என்று இன்று காலை செய்தி அனுப்பியிருக்கிறாய். எடுக்காதே. சொல்லிவிட்டு இரண்டு மூச்சு சும்மா நில். அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் சொல், கூட்டம் அதற்குத்தான் காத்திருக்கும். பதினோரு வருடம் மைக் பிடித்தவள் சொல்கிறேன், கத்தினால் ஒருவரும் கேட்பதில்லை. "வாரைக் கட்டுங்க" என்று சொல்லி, நிறுத்தி, பின்னால் நிற்கும் ஒரு முகத்தைப் பார்த்தால்தான் கை வாருக்குப் போகிறது. நீயும் கடைசி வரிசையில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள். மற்றதையெல்லாம் என்னோடு சண்டை போடும் வேகத்தில் சொன்னால் போதும், அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு இதுவரை புரியாமல் போனதில்லை.

அன்றைக்கு ஐஸ் போட்ட காபி வேண்டாம், வெந்நீர் குடி. மறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போ. அங்காளம்மன் உன் நாக்கில் நின்று பேசட்டும். நன்றாக இரு தாயே.

இன்னொன்று, அப்பாவிடம் சொல்லிவிடாதே. ஸ்பீக்கரில் போகிறது என்று தெரியாமல் ஓடியது முதல் நிமிஷம்தான். பாவாடை அண்ணன் கேட்டபோதே அணைத்திருக்கலாம். நீ டப்ளின் போன இந்த மூன்று வருடமாகப் போனில் என் காதுக்குள் மட்டும் சின்னதாகக் கேட்ட குரல் நேற்று தண்ணீரைத் தாண்டி அக்கரை வரை போனது. அணைக்க எனக்கு மனசு வரவில்லை, முழுவதையும் ஓடவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமிர்தவல்லி