நத்தத்தைச் சுற்றிப் பதினேழு புள்ளிகள்

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
15.4.2024

அன்புள்ள நர்கீஸுக்கு,

இன்னாசியம்மாள் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். மகன் வீட்டில் உனக்கென்ன குறை? நாற்பது வருடமாகப் பெருநாளன்று என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிரியாணித் தூக்குச்சட்டி இந்த வருடம் வரவில்லை. வத்தலக்குண்டு என்ன நிலாவிலா இருக்கிறது? ஒரு மணி நேர பஸ். சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

போனில் பேச மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். போன மாதம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே லைனைத் துண்டித்தாய். டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊருக்கும் ஊருக்கும் பேச்சு வாங்கிக் கொடுத்தவர்கள் நாம். பேச்சு முடியாமல் ஒயரைப் பிடுங்குகிறவளா நீ?

விஷயத்துக்கு வருகிறேன். நம் வரைபட விளையாட்டு முடிந்துவிட்டது. மாவட்டத்தில் முப்பத்தெட்டு ஊர். எந்தக் கம்ப்யூட்டரிலும் பிரவுசரைத் திறந்து, இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கும் விலாசத்தை அடித்தால் போதும். நீ போன வருடம் பதிந்து கொடுத்த குரல்தான் கேட்கும்: “நத்தம்... நத்தம் எங்கே?” பிள்ளைகள் மவுசை நகர்த்தி நத்தத்தைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் நம் எக்ஸ்சேஞ்ச் போர்டில் எரிந்த மாதிரியே சின்ன விளக்கு எரியும். “லைன் கிடைச்சிருச்சு, பேசுங்க” என்பாய்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள் அறுபத்தாறு வயதில் தானே படித்து எழுதிய நிரல் இது. யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று மாதமாக மத்தியானம் கண்ணை மூடினால் குடகனாறு கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. சிறுமலையைத் தூக்கி இரண்டு விரற்கடை தள்ளி வைக்கிறேன். கையில் மேகம் ஒட்டிக்கொள்கிறது. நாம் இந்த ஊர்களில் பாதியைப் பார்த்ததே இல்லை, குரலாகத்தான் தெரியும். ஆயக்குடி என்றால் எனக்கு இன்றைக்கும் கொய்யா விலை கேட்கும் ஓர் இருமல்.

ஜூனில் மதியழகன் சார் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கிறார். முதலில் நீ ஆடி முப்பத்தெட்டும் சரியாகத் தொட வேண்டும். அதற்குப் பிறகுதான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
இன்னாசி


வத்தலக்குண்டு,
24.4.2024

அன்பான இன்னாசி அக்காவுக்கு,

நர்கீஸோட சலாம். நான் சொல்லச் சொல்ல மருமக பர்ஹானா எழுதுறா. எனக்குக் கண்ணாடி மாத்தணும், அதான். மகன் வாஜித் கடையை விட்டு நகர முடியல, சட்டி குடுத்து அனுப்ப ஆள் இல்ல. இந்தத் தடவை பிரியாணி நான் ஆக்கல, பர்ஹானாதான் ஆக்குனா. என்னைவிட நல்லாவே ஆக்குனா. இதை எழுத மாட்டேங்குறா. “எழுதுடி, அக்காவுக்குப் பொய் சொல்லக் கூடாது”ன்னேன்.

விளையாட்டை ஆடினேன். என் குரலே என்னைக் கேள்வி கேக்குது. ஒட்டன்சத்திரம்னு கேட்டதும் தக்காளி மண்டி இரைச்சல் காதுக்குள்ள வந்துருச்சு. அப்புடியே மிதந்துக்கிட்டு இருந்தேன். பள்ளிவாசல்ல சாயங்கால அசர் பாங்கு சொன்னதுகூடக் கேக்கல.

ஒண்ணே ஒண்ணு. போன்ல சொன்னதுதான், திரும்பவும் கோவிச்சுக்காதீங்க. ஊரைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டர் வட்டம்தான் வச்சிருக்கீங்க. படத்துல அது மிளகு அளவு. கொஞ்சம் வெளிய பட்டாலும் தப்புங்குது. பத்து கிலோமீட்டர் ஆக்குங்கக்கா. முன்னப்பின்னப் படும்ல?

உங்க தங்கச்சி,
நர்கீஸ்


சேசு மரி சூசை

திண்டுக்கல்,
2.5.2024

நர்கீஸுக்கு,

நான் என் கையால் எழுதுகிறேன். எனக்கு வேறொருத்தி கையெழுத்தில் பதில் வருகிறது. கண்ணாடி மாற்றுவதற்கு முன்னால் ஒரு கையெழுத்துக்கூடவா போட முடியாது? உன் பெயரையும் அவளே எழுதியிருக்கிறாள்.

நீ ஆடிய லட்சணம் எனக்கு வந்து சேர்ந்தது. முப்பத்தெட்டில் ஆறு. மதியழகன் சாரின் அம்மா, இதுவரை மவுசைத் தொடாதவர், பத்தொன்பது எடுத்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து ஆடினாயா? எட்டு ஊர் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் பார்க்காமலே ஒயரைச் சரியான துளையில் சொருகிய கை அது. புதிதாக வருகிற பெண்களிடம் சூப்பர்வைசர், “அந்தம்மா கையைப் பாருங்கம்மா, எந்திரம் தோத்துரும்” என்பார். என் கையை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கைக்கு இந்த விளையாட்டு இளக்காரமாகப் போய்விட்டது.

வட்டம் பெரிதாகாது. பத்து கிலோமீட்டர் போட்டால் சின்னாளப்பட்டி வட்டமும் திண்டுக்கல் வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பழனிக்குப் பக்கத்துத் துளையில் சொருகினால் பழனி பேசுமா? ஊர் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. யாருக்காகவும் நகராது. மறுபடி ஆடு.

இன்னாசி


வத்தலக்குண்டு,
11.5.2024

அக்காவுக்கு,

மறுபடி ஆடினேன். ஒரு வாரம் தினமும் ஆடினேன். நத்தம் ஒண்ணையே எத்தனை தடவை தொட்டேன்னு எனக்கே தெரியல.

நான் இல்லாமலே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருங்க. என் குரலையும் எடுத்துருங்க. தோத்துப் போனவ குரல் பிள்ளைகளுக்கு எதுக்கு? உங்களுக்கு ஈடா நிக்கிற கை எனக்கு இல்ல. இனிமே கடுதாசி போட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

நர்கீஸ்


சேசு மரி சூசை

திண்டுக்கல்,
3.6.2024

அன்புள்ள நர்கீஸுக்கு,

குரலை எடுக்கச் சொன்னாய். கோபத்தில் எடுக்கத்தான் உட்கார்ந்தேன். எடுப்பதற்கு முன், நீ தொட்ட இடங்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளியாகப் போட்டுப் பார்த்தேன். யார் எங்கே தொட்டாலும் அது பதிவாகும். இத்தனை நாள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தேன், புள்ளியைப் பார்க்கவில்லை.

நத்தம் எங்கே என்று தெரியாதவன் கொடைக்கானல் மலைமேல் தொடுவான். நீ பதினேழு முறை தொட்டிருக்கிறாய். பதினேழும் நத்தத்தைச் சுற்றியே இருக்கின்றன, பலாச்சுளையைச் சுற்றும் ஈ மாதிரி. ஒன்றுகூட உட்காரவில்லை. பழனியைச் சுற்றியும் அப்படித்தான். ஆயக்குடியைச் சுற்றியும். உனக்கு எல்லா ஊரும் தெரிகிறது. கைதான் நடுங்குகிறது.

பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. பர்ஹானாவின் கையெழுத்து. நீ ஆக்காத பிரியாணி. நீ லைனைத் துண்டிக்கவில்லை. போன் உன் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. அப்படித்தானே?

போன வாரம் பஸ் ஏறி வத்தலக்குண்டு வரை வந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். என்னிடம் மறைத்தவள் வீட்டுக்கு அழைக்காமல் எப்படிப் போவது என்று, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மறைத்தது தப்பு. அதை நான் விடப்போவதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

வட்டத்தையும் பெரிதாக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் என்றால் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் விளையாட்டில் இன்னொரு வழி வைத்திருக்கிறேன். திரை நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி அசையாமல் நிற்கும். அதற்குக் கீழே மாவட்டம் நகரும். ரயில் மாதிரி அல்ல, மேகம் மாதிரி. குடகனாறு வரும், சிறுமலை வரும், தென்னந்தோப்பெல்லாம் பச்சையாகக் கலைந்து போகும். ஒவ்வோர் ஊர்மேலும் செத்த நேரம் நிற்கும், பெயர் காட்டாது. உன் குரல் கேட்கிற ஊர் வந்ததும் ஸ்பேஸ் பாரில் கையைப் போடு. அது நீளக் கட்டை. உள்ளங்கை பட்டாலும் சரி, முழங்கை பட்டாலும் சரி. நீ ஊரைத் தேடிப் போக வேண்டாம். ஊர் உன்னிடம் வரும்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை. மதியழகன் சார் இரண்டு தடவை கேட்டார். “முதல் ஆட்டம் இன்னும் முடியல சார்” என்றேன். குரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போன் செய்ய மாட்டேன் என்று சொன்னதை நானாக மீற மாட்டேன். நீ சொன்னால் பார்க்கலாம்.

இப்படிக்கு,
இன்னாசி


வத்தலக்குண்டு
12.6.2024

அக்கா,

இது என் கை. கோணலா இருக்கும், திருத்தாதீங்க.

முப்பத்தெட்டு.

நத்தம் வந்து நின்னப்ப அழுதுட்டேன்.

லைன் கிடைச்சிருச்சு. பேசுங்க.

நர்கீஸ்