எனக்குக் கேட்காத விசில்

செப். 3, புதன்

ராத்திரி நல்ல மழை. தறி ஷெட்டில் ஒரு மூலை ஒழுகுது. தறியில் ஏற்றின பாவு நூல் நனையாமல் பிளாஸ்டிக் தாள் போட்டாச்சு.

பார்சல் வந்தது. மைக்! யூஎஸ்பி கண்டன்சர். கறுப்பு. பார்க்கச் சின்னது, தூக்கினால் கனம். ஒரு குட்டி ஸ்டாண்டு, ஒரு ஒயர். லேப்டாப்பில் சொருகினால் போதுமாம். லேப்டாப் மகனுடைய பழையது. அவன் வேலைக்குப் போனதும் விட்டுட்டுப் போனது.

இதை வாங்க யோசித்த யோசனை, மருமகள் பார்க்கக் கூட அவ்வளவு யோசிக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டு மொபைல் கடைக்காரர், "காலர் மைக் போதும்கா. ரீல்ஸ் பண்றவங்க எல்லாம் இத்த தான் வாங்கிகினு போறாங்க" என்றார். எனக்கு ரீல்ஸ் இல்லையே, கதை. சத்தமான வீட்டுக்கு கண்டன்சர் ஆகாது, எல்லாத்தையும் இழுத்துக்கும் என்று ஒரு வீடியோ. கண்டன்சர்தான் குரலில் இருக்கிற ஈரம் வரைக்கும் எடுக்கும் என்று இன்னொரு வீடியோ. ஈரத்தில் விழுந்துட்டேன்.

கதை படித்து ஆப்பில் போடுகிற சென்னைக் கம்பெனி. அங்கே குரல் தேர்வு செய்கிறவள் நித்யா. போனில் படித்து அனுப்பியதற்கு அவள் பதில்: "குரல் நல்லா இருக்கு மேடம், ரெக்கார்டிங் தான் சரியில்ல. நல்ல மைக்ல பத்து நிமிஷம் படிச்சு இந்த மாசத்துக்குள்ள அனுப்புங்க. சரியா இருந்தா வீட்ல இருந்தே புக் படிக்கலாம்."

வீட்டிலிருந்தே. உட்கார்ந்துகொண்டே. இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு பவர்லூம் நடுவில் நின்ற காலுக்கு இந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று நித்யாவுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. எட்டாவதில் பாடம் படிக்க டீச்சர் என்னைத்தான் எழுப்புவார். அதற்கப்புறம் யாரும் என்னைப் படிக்கச் சொன்னதில்லை.

செப். 4, வியாழன்

வெயில். வேர்வை.

நேற்று முழுக்க மைக்கின் தலையைப் பார்த்துப் பேசியிருக்கிறேன், ஐஸ்கிரீம் சாப்பிடுகிற மாதிரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இன்று மைக்கோடு வந்த புத்தகத்தில் படம் பார்த்தால், பக்கவாட்டில்தான் பேசணுமாம். கம்பெனி பேர் போட்டிருக்கிற பக்கம்தான் முகம். மைக்குக்கு முகம் எது முதுகு எது என்று தெரியாமலே ஒரு நாள் போச்சு.

செய்தது:
– முன் ரூமில் பீரோ கதவு இரண்டையும் திறந்து, புடவைப் பக்கமாக மேஜை. துணி எதிரொலியைக் குடிச்சிடுமாம்.
– மெத்தை சுவரில் சாய்த்து.
– வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்.
– 'ப', 'பு' வந்தால் காற்று மைக்கில் மோதி டொப் என்கிறது. துணியில் பூத்தையல் போடுகிற வளையத்தில் பட்டுத் துணி கட்டினேன். குரலே வரவில்லை. நம்ம நெசவு அவ்வளவு நெருக்கம்! கொசுவலை கட்டினேன், சரியாச்சு.

வீட்டுக்காரர் மேஜையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இன்னாத்துக்கு இந்த பேஜாரு" என்றார். ஆனால் மெத்தையை அவர்தான் கயிறு போட்டுக் கட்டினார்.

கெயின் குமிழ் (மைக் சத்தத்தை எவ்வளவு இழுக்கணும் என்று திருகுவது) பற்றி: நான் பேசினால் சிவப்பு விளக்கு. குறைத்தாலும் சிவப்பு. ரொம்பக் கத்துகிறேன் போல. ஷெட்டில் கத்திக் கத்திப் பழகின தொண்டை. பாதிக்கும் கீழே வைத்து, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கக்கூடாத விஷயம் பேசுகிற மாதிரி படித்தேன். அப்போதுதான் பச்சை.

செப். 6, சனி

மத்தியானம் தறி நிறுத்துகிற நேரத்தில் படித்தேன். கம்பெனி அனுப்பின கதை. கிணறு வெட்டுகிற அண்ணன் தம்பி. நல்ல கதை. அனுப்பியாச்சு.

முடித்துவிட்டுப் போனால் வழக்கம்போல் தட்டில் சோறு மூடி வைத்திருந்தது. ரேவதி போய்விட்டாள்.

ரேவதி என் ஓரகத்தி, கொழுந்தனார் சங்கரின் மனைவி. கலசப்பாக்கத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். ரைஸ் மில்லில் பில் போடுகிற வேலை. தறிப் பக்கம் வந்ததில்லை. கை நிறைய கண்ணாடி வளையல். மத்தியானச் சமையல் அவளுடையது, ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் "அக்கா சாப்பிட வாங்க" என்று ஒரு வார்த்தை கிடையாது. நாய்க்கு வைக்கிற மாதிரி வைத்துவிட்டு மில்லுக்குப் போய்விடுவாள். பேச்சும் வாய்க்குள்ளேயே, முணுமுணுவென்று. நம்மைப் பற்றித்தான் இருக்கும்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதினால் கொஞ்சம் ஆறுது.

செப். 8, திங்கள்

நித்யாவின் பதில்: "சூப்பரா படிச்சிருக்கீங்க மேடம். நடுவுல விழற சின்ன சத்தம் எல்லாம் நாங்களே துடைச்சிடுவோம். ஆனா பின்னாடி மெலிசா ஒரு விசில் சத்தம் ஓடிட்டே இருக்கு. அத சரி பண்ணி அனுப்புங்க."

விசிலா? ஹெட்போனில் கேட்டேன். இல்லை. அவரும் கேட்டார். "ஒரு விசிலும் இல்லமே. சுத்தமா கீது."

செப். 11, வியாழன்

நிறுத்திப் பார்த்தவை: ஃபேன். பிரிட்ஜ். டியூப்லைட். சுவர்க்கடிகாரம் (கழற்றி அடுப்படியில் வைத்தேன், சாயந்திரம் வரை மணி தெரியாமல் எல்லாரும் திட்டு). செல்போன்.

மறுபடி படித்து அனுப்பினேன். மறுபடி பதில்: "இன்னும் இருக்கு மேடம்."

கடுப்பு. என்னை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாமே, எதற்கு இல்லாத விசில்? "மைக் கோளாறு. திருப்பி அனுப்பிடு" என்கிறார் அவர். கோளாறு மைக்கா நித்யாவா என்று தெரியவில்லை.

செப். 16, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை.

யோசனை வந்தது. நம் தறி நின்றாலும் தெருவில் மற்ற தறிகள் ஓடிகினுதானே இருக்கு? எங்கேயோ ஒரு மோட்டார் விசில் அடிக்குது போல. அமாவாசைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது. ஞாயிறு அமாவாசை, அதுவும் மகாளயம். அன்றைக்குப் படித்தால் தீர்ந்தது. அதுவரை தொண்டைக்குச் சுக்குத் தண்ணி.

செப். 21, ஞாயிறு, அமாவாசை

எங்கே ஆரம்பிப்பது.

காலையில் படையல், வடை, பாயசம். மத்தியானம் தெரு அப்படியே அடங்கிக் கிடந்தது. தறி நின்றதும் காக்காய் கூட்டம். தறிக்குத் தப்பித்துக் காக்காயிடம் மாட்டினேன். வடை தீர்ந்து அவை போன பிறகு படித்தேன். ஒரு இடத்தில் கூடத் தடுக்கவில்லை.

கேட்டேன். சுத்தம். அவர் கேட்டார். சுத்தம். ஜெயிச்சாச்சு என்று உட்கார்ந்திருந்தபோது ரேவதி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி வந்தாள். "ரேவதி, நீயும் கேளும்மா" என்றார் அவர். எனக்கு இஷ்டமில்லை, சும்மா இருந்தேன்.

மாட்டின உடனே கழற்றிவிட்டாள்.

"ங்ஙீன்னு கேக்குதே."

"இன்னா கேக்குது?"

"கொசு காதாண்ட வந்து நிக்கற மாதிரி." என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்குமா கேக்கல?"

மைக்கில் விழுவது நேராகக் காதில் கேட்கிற மாதிரி வைக்கச் சொல்லி, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினாள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும், "நின்னுச்சுக்கா." மறுபடி சொருகினாள். "வந்துடுச்சு." சார்ஜர் வழியாகத்தான் அந்தச் சத்தம் மைக்குக்குள் ஏறுது. நான் வாங்கி மாட்டினேன். சொருகினாலும் பிடுங்கினாலும் எனக்கு ஒன்றேதான்.

அவள் ஏதோ கேட்டாள். உதட்டைப் பார்த்தேன். "தறிச் சத்தத்தால இருக்குமாக்கா?" புரிந்தது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது, ஷெட்டில் பேசிக்கிற மாதிரி. வீட்டிலும் அப்படித்தான் கேட்டுகினு இருக்கிறேனா? எத்தனை நாளாக?

விசில் எது என்று தெரிந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

செப். 22, திங்கள்

தறி ஓட்ட மனசில்லை. பழைய ரெக்கார்டிங்கைத் திறந்து வைத்திருந்தேன். நான் பேசுகிற இடமெல்லாம் திரையில் பெரிய மேடு. பக்கம் திருப்ப நிறுத்தின இடத்தில் கோடு தட்டையாக இருக்கணும். ஆறாம் தேதிப் பதிவில் அந்த இடத்தில் குட்டிக் குட்டி மேடு. எலியா? சத்தத்தை முழுக்க ஏற்றி, ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"அக்கா. சாப்பிட வாங்கக்கா."

கொஞ்சம் விட்டு, "அக்கா."

அப்புறம் தட்டு மூடுகிற சத்தம்.

பதினொன்றாம் தேதியிலும் இருக்கிறது. "அக்கா, சோறு ஆறுது." நான் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன். மைக்கின் முகம் கதவுப் பக்கம். அதற்குக் கேட்டிருக்கிறது.

ஷெட்டுக்குப் போய்த் தறியை ஓட விட்டு அழுதேன். அங்கே யார் அழுதாலும் யாருக்கும் கேட்காது.

சாயந்திரம் ரேவதியிடம் சொன்னேன். "நீ கூப்பிட்டது மைக்ல இருக்குது."

"தெனமும் தானக்கா கூப்புடறேன். நீங்க திரும்பிக் கூட பாக்க மாட்டீங்க. பெரிய வீடு, நம்மள மதிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"பெரிய வீடா? ஷெட்டு ஒழுகுது பாரு."

சிரித்தாள். சத்தம் எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. முகம் முழுக்கத் தெரிந்தது.

செப். 24, புதன்

வேலூர். காது டாக்டர். அவரும் நானும். பஸ்ஸில் ஜன்னல் சீட்.

ஒரு குட்டி ரூமில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கணும். சுவர் முழுக்க மெத்து மெத்தென்று. இது மாதிரி ஒரு ரூம் வீட்டில் இருந்தால் எப்படி ரெக்கார்ட் பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டே ரொம்ப நேரம் அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் பண்ணுகிற அம்மா கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் சத்தம் வந்துகொண்டுதான் இருந்ததாம்.

டாக்டர்: மெல்லிசான சத்தம், கீச்சுச் சத்தம் எல்லாம் போயிருக்கு. போனது வராது. இருப்பதைக் காப்பாற்றலாம். தறியில் நிற்கும்போது காதில் வைக்கிற பஞ்சு போதாது, அடைப்பான் போடுங்க. காது மிஷின் வைக்கலாமா என்று அடுத்த தடவை பார்க்கலாம். "இன்னும் எத்தினி நாள் தறியாண்ட நிப்பீங்கம்மா?"

அதைத்தானே நானும் கேட்டுகினு இருக்கிறேன். காலுக்காக நினைத்த வேலை இப்போது காதுக்கும் வேண்டும். நித்யா சரி என்று சொல்லணும்.

அவருக்கு என்னைவிட மோசம். திரும்பி வரும்போது பஸ் ராட்டினமங்கலம் தாண்டினதும், "டிவிய அதான் அவ்ளோ சத்தமா வக்கறன் போல" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

செப். 26, வெள்ளி

இன்று பராமரிப்புக்காக ஊரெல்லாம் கரண்ட் கட், சாயந்திரம் வரை. தறி ஓடாது, மில்லும் ஓடாது, ரேவதி வீட்டில். லேப்டாப்பில் பேட்டரி நிறைய ஏற்றி வைத்திருந்தேன். சார்ஜர் போட வழியே இல்லை, அதனால் விசிலும் இல்லை.

ரேவதி எதிரில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தாள். நடுவில் வாயைத் திறக்கக்கூடாதே, அதனால் ஷெட்டுச் சைகை சொல்லிக்கொடுத்தேன். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்தது, அதாவது ஏதோ சத்தம் விழுந்தது. உள்ளங்கையை அமுக்கினால் நிறுத்து. கட்டைவிரலை உயர்த்தினால் ஓடட்டும். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். வளையலைக் கழற்றினாள். இரண்டு மட்டும் இறுகிப்போய் வரவில்லை.

படித்தேன். ஒரு இடத்தில் இழை அறுந்தது (தெருவில் ஸ்கூட்டர்). இன்னொரு இடத்தில் அறுந்தது (என் வயிறு!). தம்பி கிணற்றுக்குள் தண்ணீரைப் பார்க்கிற இடத்தில் அவள் கண் கலங்கினதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி படித்துவிட்டேன்.

கதை முடிந்த பிறகு அரை நிமிஷம் ஒன்றும் பேசாமல் ரூமை மட்டும் பதிவு செய்யணும், அது நித்யா போட்ட கண்டிஷன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்போது ரேவதி கையை எடுத்தாள். விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய், உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்தாள். சாப்பிட வா. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஷெட்டில் இருக்கிற அவரைக் கூப்பிட வீட்டு வாசலில் நின்று நான் செய்வது. எப்போதோ பார்த்து வைத்திருக்கிறாள்.

நானும் கையாலேயே வரேன் என்றேன். முள்ளங்கி சாம்பார். சாப்பிட்டுவிட்டு ரெக்கார்டிங்கை அனுப்பியாச்சு.

செப். 29, திங்கள்

தூறல். கையில் அறுந்த இழை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் பதில்.

"விசில் போயிடுச்சு மேடம். நீங்க ஓகே. முதல் புக் நாளைக்கு அனுப்பறேன். கடைசியில அந்த சைலன்ஸ்ல மட்டும் ஒரு வளையல் சத்தம் இருந்துது, நாங்களே துடைச்சிட்டோம்."

வளையலா? என்னிடம் இருக்கிற ஃபைலைப் போட்டு, ஏற்றி ஏற்றிக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

ரேவதியிடம் போய் நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "கையக் காட்டினியே, அப்ப வளையல் சத்தம் உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுதுக்கா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் மொதல்ல இருந்து படிப்பீங்க. சோறு ஆறிடும்."

நித்யா துடைத்துவிட்டாள். என்னிடம் இருக்கிற ஃபைலில் அந்த வளையல் இருக்கட்டும்.