மாவு இருமல்

பிப்ரவரி 9
நான் கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி எழுதுகிறாள். இன்று இருபது நாள் பேத்தியைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தேன். "என்ன மாமா, ரொம்ப இருமுறீங்க?" என்றாள் மருமகள். "இது மாவு இருமல்மா. மில்லுல இருமாதவன்னா அவன் வேலைக்கே வராதவன்" என்றேன். சிரித்தாள். நான் இருமியும் குழந்தை விழிக்கவில்லை. மில் வீட்டுப் பிள்ளை அல்லவா!

பிப்ரவரி 17
பேத்திக்குச் சளி. லேசாகத்தான்.

பிப்ரவரி 20
பால் குடித்துக்கொண்டிருந்தவள் இரண்டு தடவை இருமினாள். பிறகு சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை. உதடு நீலம். மகன் தூக்கிக்கொண்டு ஓடினான். தெருவுக்குள் இறங்கும்போதே மூச்சு திரும்பிவிட்டது. ஆனாலும் – அந்த நீலம் எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஆறு வயது. எனக்கும் தம்பிக்கும் சேர்ந்தே கக்குவான் இருமல் வந்தது. நான் கூவிக் கூவி இருமினேன். கைக்குழந்தை அவன், கூவுவதற்குக்கூட மூச்சு இல்லை. அவன் அடங்கிப்போனது தெரியாமல் அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 22
குழந்தை ஆஸ்பத்திரியில், கண்ணாடி அறையில். மூக்கில் குழாய். கக்குவான்தானாம்.
"வீட்டுல யாருக்கு இருமல்?" என்றாள் நர்சம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு. ஒரு தடவை வந்தா மறுபடி வராதே?"
"தட்டம்மைக்கு அது சரி தாத்தா. உடம்புக்கும் ஞாபகம் உண்டு. வந்த கிருமிய அடையாளம் வச்சுக்கும், மறுபடி வந்தா விரட்டிடும். ஆனா கக்குவான் கிருமிய சில வருஷத்துல மறந்துடும். உங்களுக்கு வெறும் இருமல். அவளுக்குத் தடுப்பூசி போடுற வயசே இன்னும் ஆகலையே."
மில்லில் முதல் நாள் மூட்டை தைத்த நூலின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் உடம்பு இதை மறந்துவிட்டதாம்.

பிப்ரவரி 23
என் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அதே கிருமி. எல்லோருக்கும் மாத்திரை. நான் மாடி அறையில் தனியாக. வீட்டுக்காரி வாயை மூடிக் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறாள். "கொன்னுட்டேனேடி" என்றேன். "இத எழுத மாட்டேன்" என்றாள். எழுதடி. எழுது.

பிப்ரவரி 24
மாற்றுத் துணி எடுக்க வந்த மருமகள் என்னோடு பேசவில்லை. திட்டினாலாவது தேவலை.

பிப்ரவரி 26
மில்லில் மாவு சலிக்கிற கூட்டாளி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "என்னடா கிழவா, பொண்டாட்டி சிறை வச்சுட்டாளா?" என்று கேட்டுவிட்டு இருமினான். அவன் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.
"டேய், நேரா ஆஸ்பத்திரிக்குப் போடா!"
"போடா, இது மாவுடா."
"நானும் அப்படித்தான்டா சொன்னேன்!"
அவன் சிரிப்பு நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரி ரோட்டில் நடந்தான்.

பிப்ரவரி 27
இன்றும் மூச்சு நின்றதாம். மெஷின் கத்த, நர்சம்மா ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினாளாம். மருந்தில் கிருமி செத்தாலும் அது விட்ட விஷம் இறங்க நாளாகுமாம். அதுவரை அந்தக் குருவி நெஞ்சு தாங்குமா?

மார்ச் 2
கீழே போன் அடிக்கிறது. எடுக்காதீர்கள். யாரும் எடுக்காதீர்கள்.

மார்ச் 3
ஒன்றும் இல்லை. யாரோ தப்பாக அடித்த நம்பர். இன்றைக்கு இது போதும் என்கிறாள் வீட்டுக்காரி.

மார்ச் 19
வாசலில் வண்டி வந்து நின்றது. நான் மாடிப்படியோடு நின்றுகொண்டேன். மகன் பைகளோடு வந்தான். பின்னால் மருமகள், மார்பில் ஒரு துணிப் பொட்டலம். பொட்டலம் இருமியது. எனக்கு உயிரே போயிற்று. அடுத்த நொடி வீறிட்டு அழுதது.
மருமகள் அண்ணாந்து பார்த்தாள். "நான் குளிக்கணும் மாமா. உங்க மாத்திரை எப்பவோ முடிஞ்சுதுல்ல? கையக் கழுவிட்டு வந்து இவளப் பிடிங்க."
சோப்பு இரண்டு தடவை நழுவி விழுந்தது.