வண்டி நின்றுபோனால்

பிப்ரவரி 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். அடுத்தவர் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாமே என்று நானே எழுதுகிறேன். போன மாதம் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது நம் கார் ஷெட்டில் சும்மா நின்றது. நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டில் போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். இன்னொரு முறை என்னால் முடியாது.

சொல்லித் தருவது ஒரு அக்கா. வாயைத் திறந்தால் திட்டுதான். "கிளட்ச்ச மெதுவா விடு! பாம்ப மிதிச்ச மாதிரி ஏன் காலத் தூக்குற?"

பாப்பாவின் அம்மா

பிப்ரவரி 10

யாரைக் கேட்டுச் சேர்ந்தாய்? நானே சொல்லிக் கொடுத்துப் பார்த்தவன்தானே? நடுரோட்டில் வண்டியை நிறுத்தி என் மானத்தை வாங்கினாய். அந்தப் பொம்பளைக்கு வேறு பிழைப்பு இல்லை, உனக்கு வீட்டில் வேலை இல்லை. நாளையோடு நிறுத்து. கார் சாவி என்னிடம் இருக்கிறது. என்னிடமேதான் இருக்கும்.

உன் கணவன்

மார்ச் 1

பாப்பாவின் அப்பாவுக்கு,

நிறுத்தவில்லை.

நேற்று மேம்பால ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அக்கா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தபடி கத்தினார்: "வண்டி நின்னா சாவியத் திருப்பணும். நீ ஏம்மா மூஞ்சிய மூடுற?"

கையை இறக்கிச் சாவியைத் திருப்பினேன். அக்கா என்னையே பார்த்தார். "மொதல்ல யாரு உனக்குக் கத்துக்கொடுத்தது?"

"வீட்டுக்காரர்."

அதற்குமேல் கேட்கவில்லை. அதன்பிறகு ஸ்டியரிங்கைத் திருத்த வரும்போதெல்லாம், "கைய நீட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டினார். திட்டு மட்டும் குறையவில்லை.

பாப்பாவின் அம்மா

மார்ச் 8

தெருவில் போகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றி ஒப்பாரி வைக்கிறாயா? ஒரு தடவை கை நீட்டியதற்கு இவ்வளவு நாடகமா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம். வீட்டில் இரு.

மார்ச் 12

ஒரு தடவை இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

லைசென்ஸ் தேர்வில் தோற்றுவிட்டேன். பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மறுபடி போவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது நாங்கள் இருக்க மாட்டோம். ஒரு அறை பார்த்திருக்கிறேன். எங்கே என்று எழுதப் போவதில்லை.

துணிகளை அடுக்கும்போது பாப்பா கேட்டாள்: "நாம இல்லன்னா அப்பா கத்துவாரா?"

"கத்துவார். கேக்கறதுக்கு நாம அங்க இருக்க மாட்டோம்" என்றேன்.

பாப்பா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, "இப்ப பூட்டும்மா" என்றாள்.