டீ வடிகட்டியில் வடித்த கஞ்சி

பிப்ரவரி 17, செவ்வாய்

வருகிறார்கள்! ஹானுல் சிக்ஸ்! ஆறு பேரும்! ஏப்ரல் கடைசியில் சென்னையில்! கொரியாவிலிருந்து, பாட்டுக் கச்சேரிக்கு! ஃபோனைப் பார்த்துப் பார்த்து நானாகவே கொரிய மொழி கற்றுக்கொண்டது இதற்குத்தான். பக்கத்து வீட்டு ஆஃப்ரின் மாடியிலிருந்து போட்ட கத்தலில், யாருக்கோ என்னவோ என்று தெருவே வெளியே வந்துவிட்டது.

டிக்கெட் விலையைச் சொன்னதும் அப்பா சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அம்மாதான் வழி சொன்னாள்.

"நாளைக்குத் தவக்காலம் ஆரம்பிக்குது. ஈஸ்டர் வரைக்கும் வீட்டுச் செலவ நீ பாரு. மிச்சம் புடிக்கிறது உனக்கு. ஆனா யாரும் பட்டினி கெடக்கக் கூடாது. வழக்கம்போல சுத்த சைவம். வீட்டுக்குள்ள கறி நுழைஞ்சுது, டிக்கெட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

இவ்வளவுதானா!

பிப்ரவரி 18, புதன்

சிக்கன வீடியோக்களாகப் பார்த்துத் தேறிவிட்டேன். பேஸ்ட் ட்யூபைக் கத்தரியால் வெட்டித் திறந்தேன். கரைந்த சோப்புத் துண்டுகளை ஒட்டி ஒரே உருண்டையாக்கினேன். பகலில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டேன்.

"சோப்புல முடியா இருக்குடி," என்றார் அப்பா. சாதிக்கிறவர்களுக்கு எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும்.

பிப்ரவரி 19, வியாழன்

ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னவன் எந்த ஊர்க்காரன்? இட்லி மாவு பொங்கிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. சத்தியமா, தானாவே தொறந்துக்கிட்டு வந்துச்சு.

பிப்ரவரி 20, வெள்ளி

நான் ஒரு மேதை. தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் இந்த வருஷம் சேர்ந்தே வந்திருக்கின்றன. சாயங்காலம் ஆஃப்ரினோடு போய்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தேன். எல்லோருக்கும்தான் ஊற்றுகிறார்கள். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பள்ளியில் எப்போதும் அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் போட்ட வெறும் கஞ்சிதான். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செலவே இல்லை! அப்பா மூன்று டம்ளர் குடித்தார். இனிமேல் தினமும் தூக்குவாளிதான்.

பிப்ரவரி 27, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் அப்பா பெருமையடித்துக்கொண்டிருந்தார். "மத்த வருஷமெல்லாம் ரெண்டாவது வாரமே நாக்கு கேக்கும். இந்த வருஷம் கறி ஞாபகமே வரல சார். மனசு அடங்கிடுச்சு."

அதற்கு நான்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. பரவாயில்லை.

மார்ச் 3, செவ்வாய்

செத்தேன்.

கஞ்சியில் பொடிப்பொடியாகப் பழுப்பாக ஏதோ கிடக்குமே, சோயா என்றுதான் நினைத்திருந்தேன். இன்று ஆஃப்ரினிடம், "சோயாவ நல்லா போடுறாங்கடி" என்றேன்.

"சோயாவா? கைமாடி அது, ஆட்டுக்கறி! எங்க சஃபியுல்லா மாமா துபாய்லேர்ந்து பணம் அனுப்பியிருக்காங்க. இந்த வருஷம் முப்பது நாளும் கறிக்கஞ்சி!"

"அடிப்பாவி, எங்களுக்குத் தவக்காலம்டி!"

"நீ தூக்கோட முதல் ஆளா வந்து நிக்கிற. நா என்னத்தக் கண்டேன்?"

அப்பா அடங்கிய மனசோடு தினமும் ஆட்டுக்கறி சாப்பிட்டிருக்கிறார். சொன்னால் டிக்கெட் போச்சு. சொல்லாவிட்டால் நரகம். அங்கே நெட் இருக்குமா?

மார்ச் 4, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். டீ வடிகட்டி! கொல்லைப்பக்கம் உட்கார்ந்து மொத்தக் கஞ்சியையும் வடித்தேன். கைமா பூனைக்கு. கறி வீட்டுக்குள் நுழையவில்லை, கொல்லையோடு சரி. ஆனால் கஞ்சியில் கறிச்சாறு இருக்குமே? அதை யோசிக்கப் போவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

"கஞ்சியில உசுரே இல்லயே. சமையல்காரர மாத்திட்டாங்களா?" அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொல்லையில் இப்போது ஐந்தாறு பூனைகள். வரிசையில் நிற்கின்றன.

மார்ச் 7, சனி

அப்பா தூக்கைத் தூக்கிக்கொண்டு, "இன்னிக்கு நானே போறேன். என்னன்னு கேட்டுட்டு வாறேன்" என்று கிளம்பிவிட்டார். முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. கொரியன் கத்துக்கிட்டதெல்லாம் வேஸ்ட்டு.

திரும்பி வந்தவர் உட்கார்ந்தார். தானே ஊற்றிக்கொண்டார். இரண்டு டம்ளர் குடித்தார். நான் கிட்டே போனேன்.

"அப்பா, அந்தக் கஞ்சியில—"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத."

"இல்லப்பா, அதுல—"

"ஏண்டி, தெரியாம சாப்புட்டா பாவமில்ல. எனக்குத் தெரியாது. தெரியாமயே இருக்கட்டும். போயி ஊறுகா எடுத்தா."

எடுத்து வந்தேன். அப்பா டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த வடிகட்டிய இனிமே டீக்கு மட்டும் வச்சிக்க."

மார்ச் 8, ஞாயிறு

வடிக்கவில்லை. அப்பா முகத்தில் களை. பூனைகள் என்னை முறைக்கின்றன. அம்மாதான் பாவம், ஒன்றும் தெரியாமல் அமைதியாகக் குடிக்கிறாள். அம்மாவுக்காக மாதாவிடம் தனியாக வேண்டிக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

பிறை தெரிந்துவிட்டது. நாளை பெருநாள். தெருவே சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

மார்ச் 28, சனி

புடலங்காய்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். காலையிலேயே அப்பா ஆட்டுக்கறி வாங்கி வந்து, அம்மா குழம்பு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா முதல் வாயை மென்றுவிட்டு, ஏதோ நினைப்பில், "நல்லாத்தான் இருக்கு. ஆனா கஞ்சியில இருந்த அந்தப் பக்குவம் வரல" என்றார்.

"எப்புடி வரும்? அவங்க கைமாவ மொதல்ல இஞ்சி பூண்டுல வதக்கிட்டுதான அரிசியவே போடுறாங்க," என்றாள் அம்மா.

மூன்று தட்டிலும் கை நின்றுவிட்டது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எலும்பைப் பார்த்தேன். டிக்கெட் போச்சு, போச்சு, போச்சு.

"வீட்டுக்குள்ள கறி நுழைஞ்சா டிக்கெட் கெடையாதுன்னு சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

"எந்தக் கறி?" என்றார் அப்பா. "நீ பாத்தியா?"

அம்மா தட்டிலிருந்த எலும்பை ஓரமாக ஒதுக்கினாள். "நா எதையும் பாக்கலப்பா," என்றாள். வலது கை முழுக்கக் குழம்பு. இடது கையாலேயே மிச்சப் பணம் இருந்த செலவுப் பர்ஸை என் பக்கம் தள்ளிவிட்டாள்.