கோந்து போட்ட உறை

செத்தூபல், ஜூலை 1976

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் தெயோலிந்தா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல் குறைந்ததா? இங்கே மத்தி மீன் குவிகிற மாதம். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடியே டப்பாக்களில் அடுக்குகிறேன்.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. எப்படியும் வீட்டு ஆண்பிள்ளைதானே முதலில் படிப்பார் என்று, வழக்கம்போல நீங்கள் உறையை ஒட்டவில்லை. உங்கள் மருமகன் ஆர்மிந்தோ கையை நீட்டினார். நான் அதை மேலங்கிப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

“கொடுடி. பொண்டாட்டிக்கு வர்ற கடுதாசியைப் புருஷன் பிரிக்கலாம்னு சட்டமே இருக்கு.”

“இருந்துச்சு. பழைய ஆட்சி விழுந்து ரெண்டு வருஷமாச்சு. அந்தச் சட்டத்தையும் போன மாசம் எடுத்துட்டாங்க. பேப்பர் படிக்கிறதில்லையா நீங்க?”

“பேப்பர்காரனா இந்த வீட்ல குடும்பம் நடத்துறான்?”

அப்புறம் ஒரு தட்டு உடைந்தது, அவ்வளவுதான். பழைய தட்டு. கையில் சின்னக் காயம்; அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது. கடிதத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை.

உலர்ந்த அத்திப்பழம் கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் கறுப்புச் சால்வையையும். அதைத் துவைக்க வேண்டாம்.

இந்த உறையைக் கோந்து போட்டு ஒட்டுகிறேன். உங்கள் கைக்குப் பிரிக்காமல் வந்ததா? வந்திருந்தால், பதிலை நீங்களும் ஒட்டியே அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

படியில் அவர் காலடிச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். அதுவரை, இங்கே எல்லாரும் நலம்.