இடப்பக்கம் மேலே

இன்று காலை உன் கணவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பிரித்ததும் கஞ்சிப்பசையும் வேப்பிலையும் கலந்த உன் அலுமாரி வாசம். உள்ளே நீ உனக்கென்று தைத்த யுகாதா, நீலச் சீத்தைத் துணியில் வெள்ளைப் பூப்போட்ட அந்த ஜப்பானிய அங்கி. "விழாவிலை இதை நீங்கள் கட்டுங்கோ தங்கச்சி. அலுமாரிக்குள்ளை பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது" என்றார். "வையுங்கோ அண்ணை, பாப்பம்" என்றேன்.

நீ இல்லாத முதல் ஜப்பானிய விழா. இந்த முறை வேண்டாம் என்று குழுவில் சொன்னவளே நான்தான். யார் கேட்டார்கள்? உன் பிடிவாதம் எல்லோருக்கும் தொற்றிவிட்டது.

சனிக்கிழமை ஜப்பானிய மொழி வகுப்பில்தான் நாம் பழகினோம். மற்றவர்கள் ஜப்பானுக்கு வேலைக்குப் போகப் படித்தார்கள். கொடிகாமத்தில் தையற்கடை வைத்திருந்த நீயும் குருநகரில் வீட்டோடு இருந்த நானும் எங்கும் போகப்போவதில்லை. "போகாட்டிலென்ன, இஞ்சை கூப்பிடுவம்" என்று விழாவைத் தொடக்கினாய். மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோற்றை உருண்டை பிடித்துக் கடற்பாசி சுற்றினோம். உருண்டை நிற்கவில்லை. சனம் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டது.

அந்த முதல் விழாவில் எல்லோருக்கும் யுகாதா தைத்து, நீயே கட்டியும் விட்டாய். பெண்களின் சட்டைக்குத் தெறி, அதுதான் பொத்தான், வைத்துப் பழகிய கை உன்னுடையது. அதில் வலப்பக்கம்தானே மேலே வரும்? அப்படியே எல்லோருக்கும் வலப்பக்கத்தை மேலே மடித்து இடுப்புப் பட்டியை இறுக்கினாய். கொழும்பிலிருந்து வந்த ஜப்பானிய ஆசிரியை வாசலில் எங்களைக் கண்டதும் திகைத்து நின்றார். குனிந்து வணங்கினார், மறுபடியும் வணங்கினார். கடைசியில் என் காதோடு சொன்னார். இறந்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவார்களாம். உயிரோடு இருப்பவர்களுக்கு இடப்பக்கம் மேலே வரவேண்டுமாம்.

உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தவித்துத் தவித்துச் சொன்னேன். நீ வாசல் தோரணத்தை அண்ணாந்து பார்த்தாய். "எங்கடை தோரணத்திலை ஓலைக்குருவி தலைகீழாத் தொங்கினா, செத்தவீடெண்டு எங்களுக்கும் நெஞ்சு திக்கெண்ணுந்தானே? பாவம் அந்த மனிசி. வாங்கோ எல்லாரும், அவிழ்த்துக் கட்டுவம்." மேடைக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கட்டி முடித்துவிட்டு, "செத்துப் பிழைச்சிட்டம், இனி ஆடுவம்" என்றாய். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆசிரியை கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

இந்தப் பங்குனியில் உன் வீட்டு ஒழுங்கைக்குள் நுழைந்தபோது தோரணம்தான் முதலில் தெரிந்தது. குருவிகள் தலைகீழாகத் தொங்கின. அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. நோயை என்னிடம்கூட மறைத்தாயே, அப்படி என்ன அழுத்தம் உனக்கு?

இன்று மண்டபத்தில் உடுத்தும் அறைக்குள் உன் யுகாதாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். வெளியே உன் கணவர் காத்திருந்தார். கடைசியில் போட்டுக்கொண்டேன். கை தானாகவே வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்தது. கைத்தவறா, இறந்தவளின் உடுப்பு என்ற நினைப்பா, தெரியவில்லை. கண்ணாடியில் அதைக் கண்டேன். "அவிழ்த்துக் கட்டன்" என்று நீ அதட்டியிருப்பாய். அவிழ்த்தேன். இடப்பக்கத்தை மேலே மடித்து, நீ இறுக்குவதுபோல் மூச்சு முட்டப் பட்டியை இறுக்கினேன்.

உன் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரியாக் கட்டியிருக்கிறியள்" என்றார். பிறகு ஆட்ட வட்டத்தில் சேர்ந்து நானும் ஆடினேன்.

இப்போது அதைக் கழுவி வேலியில் போட்டிருக்கிறேன். உன் அலுமாரி வாசம் போய்விட்டது, மன்னித்துக்கொள். அடுத்த முறையும் இதை நான்தான் கட்டுவேன். உயிரோடு இருப்பவர்கள் கட்டுகிற மாதிரியே கட்டுவேன்.